ஸ்கூல் நர்ஸ் செய்யும் வேலைக்கு யார் பணம் கொடுப்பது?

அமெரிக்காவில் குழந்தைகள் நல மருத்துவராக இருக்கிறேன். ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்ட் மாசம் பள்ளி திறக்கும்போது, தமிழ்ப் பெற்றோரிடமிருந்து தவறாமல் ஒரு கேள்வி வரும்.

"டாக்டர், ஸ்கூல்ல இருந்து ஒரு ஃபார்ம் அனுப்பியிருக்காங்க. நர்ஸ் பாத்துக்கிறதுக்கு மெடிக்கெய்டுல பில் போட சம்மதமான்னு கேக்குது. கையெழுத்து போடலாமா? பின்னாடி நம்ம தலையில ஏதாவது பில் வந்து விழுமா?"

சுருக்கமான பதில்: போடலாம். உங்களுக்கு பில் வராது.

கொஞ்சம் நீளமான பதில்தான் இந்த இழை. பொறுமையாகப் படியுங்கள். பெற்றோர், பள்ளிகளில் வேலை செய்யும் நம் நர்ஸ் சகோதரிகள், என்னைப் போல ஆணை எழுதிக் கொடுக்கும் மருத்துவர்கள் என மூன்று பேருக்கும் இதில் வேலை இருக்கிறது.

முதலில் அடிப்படை.

நாமெல்லாம் படித்த பள்ளியில் கீழே விழுந்து முட்டி தேய்ந்தால் பி.டி. சார் பஞ்சில் டிஞ்சர் தொட்டு வைப்பார். அதோடு முடிந்தது. இங்கே ஸ்கூல் நர்ஸ் என்பவர் லைசென்ஸ் பெற்ற செவிலியர். டைப் 1 சர்க்கரை நோய் உள்ள குழந்தைக்கு இன்சுலின் போடுவார். வலிப்பு வந்தால் மருந்து கொடுப்பார். வயிற்றில் குழாய் வைத்த குழந்தைக்கு அதன் வழியாக உணவு செலுத்துவார். ஆஸ்துமா குழந்தைக்கு நெபுலைசர் வைப்பார். சுருக்கமாகச் சொன்னால், ஆஸ்பத்திரியில் நடக்கும் வேலையில் ஒரு பகுதி தினமும் பள்ளியில் நடக்கிறது.

இந்த ஏற்பாட்டுக்கு வயது நூற்றுக்கு மேல். 1902 அக்டோபரில் நியூயார்க் நகரில் லீனா ரோஜர்ஸ் என்ற செவிலியரை நான்கு பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். ஒரு மாதச் சோதனை. அனுப்பியவர் ஹென்றி ஸ்ட்ரீட் செட்டில்மென்ட்டின் லில்லியன் வால்ட். அதுவரை சொறி, கண் நோய், பேன் என்று மருத்துவர் கண்டுபிடித்தால் குழந்தையை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டில் யாரும் வைத்தியம் பார்க்க மாட்டார்கள். குழந்தை தெருவில் விளையாடிக்கொண்டிருக்கும். நர்ஸ் வந்ததும் பள்ளியிலேயே சிகிச்சை, வீட்டுக்குப் போய் அம்மாவுக்குச் சொல்லிக் கொடுப்பது என்று மாறியது. 1902 செப்டம்பரில் நோயால் பள்ளியிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்கள் 10,567 பேர். 1903 செப்டம்பரில் 1,101 பேர்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. நர்ஸை அனுப்பும்போதே வால்ட் ஒரு கேள்வியை முன்வைத்துவிட்டார்: சோதனை வெற்றி பெற்றால் இவருக்கு அரசுப் பணத்தில் சம்பளம் கிடைக்க வழி செய்வீர்களா? நர்ஸ் வேலை செய்வாரா என்பதில் அன்றைக்கே யாருக்கும் சந்தேகம் இல்லை. சம்பளம் யார் கொடுப்பது என்பதுதான் கேள்வி. இன்றைக்கும் அதே கேள்விதான்.

சரி, இன்றைக்கு யார் கொடுக்கிறார்கள்?

பெரும்பாலான இடங்களில் பள்ளி மாவட்டம், அதாவது ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட். அந்தப் பணத்தின் பெரும் பகுதி உள்ளூர் சொத்து வரியும் மாநில நிதியும். பட்ஜெட் இறுகும்போது முதலில் கண்ணில் படுவது யார்? கணக்கு டீச்சரை எடுக்க முடியாது. பஸ் டிரைவரை எடுக்க முடியாது. "நர்ஸ் ரூம்ல எப்பப் பாத்தாலும் ஒண்ணு ரெண்டு பேர்தானே உக்காந்திருக்காங்க" என்று யாராவது ஆரம்பிப்பார்கள்.

இங்கேதான் மெடிக்கெய்ட் வருகிறது.

மெடிக்கெய்ட் 1965இல் வந்த திட்டம். வருமானம் குறைந்தவர்களுக்கும் ஊனம் உள்ளவர்களுக்கும் ஃபெடரல் அரசும் மாநில அரசும் சேர்ந்து தரும் மருத்துவக் காப்பீடு. ஊனமுள்ள குழந்தைகளுக்கும் பொதுப் பள்ளியில் படிக்கும் உரிமை உண்டு என்ற சட்டம் 1975இல் வந்தது. உரிமை கொடுத்தாயிற்று. அந்தக் குழந்தையைப் பள்ளியில் பார்த்துக்கொள்ளும் செலவு யாருடையது?

இந்தச் சண்டை உச்ச நீதிமன்றம் வரை இரண்டு முறை போனது.

1984. டெக்சாஸில் முதுகெலும்புக் குறைபாட்டோடு பிறந்த ஒரு சிறுமி. சில மணி நேரத்துக்கு ஒருமுறை குழாய் வைத்துச் சிறுநீர் எடுக்க வேண்டும். "இது வைத்தியம், எங்கள் வேலை இல்லை" என்றது பள்ளி மாவட்டம். நர்ஸ் செய்யக்கூடிய வேலைதான் இது, பள்ளிதான் செய்ய வேண்டும் என்று தீர்ப்பு வந்தது.

1999. அயோவாவில் சீடர் ராபிட்ஸ். நான்கு வயதில் விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்த சிறுவன். வென்டிலேட்டரோடு பள்ளிக்கு வருகிறான். பக்கத்திலேயே ஒருவர் முழு நேரமும் இருக்க வேண்டும். செலவு எக்கச்சக்கம் என்று மாவட்டம் வாதாடியது. 7-2 என்ற கணக்கில் மாவட்டம் தோற்றது.

ஆக, செய்ய வேண்டும் என்பது சட்டம். பணம்?

1988இல் காங்கிரஸ் ஒரு வழி திறந்தது. சிறப்புக் கல்விக்கான தனித் திட்டம் உள்ள குழந்தைக்கு (ஐ.ஈ.பி. என்று இங்கே சொல்வோம்) அந்தத் திட்டத்தில் எழுதியுள்ள மருத்துவச் சேவைக்கு மெடிக்கெய்ட் பணம் தரலாம் என்றது. ஆனால் ஐ.ஈ.பி. இல்லாத குழந்தைக்கு நர்ஸ் செய்தால்? "எல்லாருக்கும் இலவசமாகத்தானே செய்கிறீர்கள், அதற்கு எதற்கு எங்கள் பணம்?" என்று மெடிக்கெய்ட் பல வருடம் கை விரித்தது. சர்க்கரை நோய் இருந்து படிப்பில் குறை எதுவும் இல்லாத குழந்தைக்கு ஐ.ஈ.பி. இருக்காது. அவனுக்கு நர்ஸ் தினமும் போடும் இன்சுலின் கணக்கிலேயே வராது.

2014 டிசம்பரில் அந்த நிலைப்பாட்டை ஃபெடரல் அரசே மாற்றிக்கொண்டது. மாநிலம் தன் மெடிக்கெய்ட் திட்டத்தைத் திருத்திக்கொண்டால், மெடிக்கெய்டில் இருக்கும் எந்த மாணவனுக்குச் செய்த தகுதியான சேவைக்கும் பணம் கேட்கலாம். லூசியானா, மாசசூசெட்ஸ், மிச்சிகன், கலிஃபோர்னியா எனப் பல மாநிலங்கள் திருத்திக்கொண்டன. எல்லா மாநிலமும் இல்லை. உங்கள் மாநிலம் எந்தப் பக்கம் என்று முதலில் பாருங்கள். 2023 மே மாதம் புதிய வழிகாட்டி வந்து, பள்ளிகளுக்கான கணக்கு முறையைக் கொஞ்சம் எளிமையாக்கியது.

இப்போது முக்கியமான பகுதி. பணம் எப்படி வரும்?

ஒன்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பணம் நர்ஸ் கைக்கு வராது. பில் போடுவது பள்ளி மாவட்டம். பணம் போவதும் அங்கேதான். ஆனால் பணம் வருவதற்கான ஆதாரம் முழுக்க நர்ஸின் பேனாவில் இருக்கிறது.

ஐந்து விஷயம் சேர வேண்டும்.

1. குழந்தை அன்றைய தேதியில் மெடிக்கெய்டில் பதிவாகி இருக்க வேண்டும்.

2. பெற்றோரின் சம்மதம் இருக்க வேண்டும். ஐ.ஈ.பி. உள்ள குழந்தைக்கு ஒருமுறை எழுத்தில் வாங்கினால் போதும். பிறகு வருடா வருடம் அறிவிப்பு மட்டும் வரும்.

3. மருத்துவரின் எழுத்துபூர்வ ஆணை அல்லது சிகிச்சைத் திட்டம் வேண்டும். என்ன நோய், என்ன மருந்து, எவ்வளவு, எப்போது, எந்தத் தேதி வரை, யார் கையெழுத்து எல்லாம் அதில் இருக்க வேண்டும்.

4. செய்பவர் மாநில விதிப்படி தகுதியானவராக இருக்க வேண்டும். பள்ளி அலுவலக உதவியாளர் அன்பாக மாத்திரை எடுத்துக் கொடுத்தால் அது நர்சிங் சேவை ஆகாது.

5. எழுத்து. தேதி, ஆரம்பித்த நேரம், முடித்த நேரம், என்ன செய்தீர்கள், குழந்தை எப்படி இருந்தது, கையெழுத்து.

இந்த ஐந்தாவதில்தான் பெரும்பாலான பணம் ஒழுகிப் போகிறது.

ஒரு உதாரணம். சர்க்கரை நோய் உள்ள எட்டு வயதுப் பையன் மதியச் சாப்பாட்டுக்கு முன் நர்ஸ் அறைக்கு வருகிறான். நோட்டில் இப்படி எழுதுகிறார்: "இன்சுலின் கொடுத்தாச்சு."

இதற்கு ஒரு பைசா தேறாது.

இப்படி எழுதினால்? "11:50 முதல் 12:05 வரை. சாப்பாட்டுக்கு முன் சர்க்கரை 212. சாப்பாட்டில் மாவுச்சத்து 45 கிராம். மருத்துவர் ஆணைப்படி இன்சுலின் 4 யூனிட், இடது கை. தலைசுற்றல், வாந்தி இல்லை. 12:05க்குச் சாப்பாட்டு அறைக்கு அனுப்பப்பட்டான்." கீழே கையெழுத்து.

அதே வேலை, அதே பதினைந்து நிமிடம். ஆனால் இது பில் போடக்கூடிய சேவை. ஆர்.என். தகுதி உள்ள செவிலியரின் பதினைந்து நிமிடத்துக்கு டி1002 என்று ஒரு கோடு உண்டு. எல்.பி.என். என்றால் டி1003. நோய்க்குத் தனி கோடு. டைப் 1 சர்க்கரை நோய் என்றால் ஈ10இல் ஆரம்பிக்கும்.

பதினைந்து நிமிடம்தானே என்று நினைக்காதீர்கள். வருடத்துக்குச் சுமார் 180 பள்ளி நாட்கள். ஒரே ஒரு குழந்தையின் மதிய இன்சுலின் மட்டும் 45 மணி நேரம். அதாவது ஒரு நர்ஸின் ஒரு வார வேலைக்கும் மேல். அதே பள்ளியில் இன்னொரு சர்க்கரை, இரண்டு வலிப்பு, பத்து ஆஸ்துமா இருந்தால் நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சில மாநிலங்களில் இப்படி ஒவ்வொரு சேவைக்கும் பில். பல மாநிலங்களில் வருடக் கடைசியில் செலவுக் கணக்கு முறையும் உண்டு. அதில் நர்ஸுக்குத் திடீரென்று ஒரு ஈமெயில் வரும்: "செவ்வாய்க்கிழமை காலை 10:42க்கு என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" பல பேர் இதை ஸ்பேம் என்று நினைத்து அழித்துவிடுகிறார்கள். தயவுசெய்து அழிக்காதீர்கள்! கெடு முடிவதற்குள் பதில் போடுங்கள். மாவட்டம் முழுக்க இப்படிப் பொறுக்கி எடுத்த நிமிடங்களை வைத்துத்தான் ஊழியர்கள் எத்தனை சதவீத நேரம் மருத்துவ சேவையில் செலவிட்டார்கள் என்று கணக்கிடுகிறார்கள்.

கணக்கு எப்படிப் போகும் என்று புரிய வைக்க, கற்பனையாக ஒரு எண் எடுத்துக்கொள்வோம். நர்ஸின் சம்பளமும் சலுகைகளும் 80,000 டாலர். நேரத்தில் பாதி நேரடி மருத்துவ சேவை என்றால் 40,000. அதற்குத் தகுதியான மாணவர்களில் 40 சதவீதம் மெடிக்கெய்ட் என்றால் 16,000. அந்த மாநிலத்துக்கு ஃபெடரல் பங்கு 50 சதவீதம் என்றால் 8,000. பெரும்பாலான மாநிலங்களில் மீதிப் பங்கு ஏற்கெனவே மாவட்டம் செலவு செய்த பணம்தான். ஆக, கைக்குத் திரும்பி வருவது அந்த 8,000. மெடிக்கெய்ட் குழந்தைகள் அதிகம் உள்ள ஏழை மாவட்டத்தில் இது இன்னும் கூடும். ஒரு நர்ஸின் முழுச் சம்பளம் இதில் வந்துவிடாது. ஆனால் ஒரு மாவட்டத்தில் இருபது நர்ஸ் என்றால் சும்மா விடக்கூடிய தொகையா?

இன்னொன்று. மெடிக்கெய்ட் இல்லாத குடும்பத்துக்கு விண்ணப்பிக்க உதவுவது, மருத்துவச் சேவைகளுக்கு வழிகாட்டி ஒருங்கிணைப்பது போன்ற வேலைகளையும் நிர்வாகச் செலவு என்று தனியாகக் கேட்கலாம். அதில் ஃபெடரல் பங்கு பொதுவாகப் பாதி. ஒரே எச்சரிக்கை: நர்ஸின் சம்பளம் ஏற்கெனவே வேறொரு ஃபெடரல் மானியத்தில் வந்தால், அதே நேரத்துக்கு மெடிக்கெய்டிலும் கேட்கக் கூடாது. ஆடிட்டில் மாட்டும்.

இவ்வளவு கணக்கு எதற்கு டாக்டர் என்று கேட்பீர்கள்.

மேலே சொன்ன எட்டு வயதுப் பையன் கற்பனை இல்லை. என் பேஷண்ட். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அம்மா ஒரு கிடங்கில் வேலை. அப்பா கூட இல்லை. அவன் பள்ளியில் நர்ஸை வாரத்துக்கு இரண்டு நாளாகக் குறைத்தார்கள். நர்ஸ் அறையில் கூட்டமே இல்லை என்பதுதான் காரணம்.

மீதி மூன்று நாள்? அம்மா மதியம் கிடங்கிலிருந்து கார் ஓட்டி வந்து, பள்ளி வாசலில் வைத்து ஊசி போட்டுவிட்டு ஓடுவார். நேரம் தாண்டினால் சம்பளம் பிடிப்பு. மூன்றாவது முறை எச்சரிக்கைக் கடிதம். ஒரு நாள் அவர் வந்து சேரும்போது பையன் டெஸ்க்கில் தலை சாய்த்திருந்தான். தூக்கம் என்று டீச்சர் நினைத்திருந்தார். சர்க்கரை 48. ஜூஸ் கொடுத்து சரியானது. இன்னும் கால் மணி நேரம் போயிருந்தால் வலிப்பு வந்திருக்கலாம்.

(இடையில் ஒரு தகவல்: அம்மா வந்துதான் ஊசி போட வேண்டும் என்று பள்ளி வற்புறுத்தக் கூடாது. 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 504ஆம் பிரிவின்படி பள்ளிதான் ஏற்பாடு செய்ய வேண்டும். அந்த அம்மாவுக்கு இதை யாரும் சொல்லவில்லை.)

அந்த நர்ஸ் எனக்குப் போன் செய்தார். இருபது வருட அனுபவம் உள்ளவர். "டாக்டர், போன வருஷம் முழுக்க நாற்காலியில உக்கார நேரமில்லாம ஓடினேன். இப்ப வேலையே இல்லைங்கறாங்க. காட்டறதுக்கு என்கிட்ட என்ன இருக்கு? பேரும் டிக் மார்க்கும்தான் இருக்கு" என்றார்.

அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஒரே நேரத்தில் ஒரு குழந்தைக்கு மூச்சுத் திணறல், இன்னொன்றுக்கு வாந்தி. யார் மணி பார்த்து எழுதுவார்கள்? எழுதினால் அதற்கு மதிப்பு உண்டு என்று மாவட்டத்தில் யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவும் இல்லை.

நல்லவேளை, எங்கள் மாநிலம் திட்டத்தைத் திருத்திய மாநிலம். அடுத்த வருடம் அவர் முறையாக எழுதினார். பெற்றோர் சம்மதங்களை ஆகஸ்ட்டிலேயே வாங்கினார். நானும் எங்கள் கிளினிக்கில் மற்ற மருத்துவர்களும் சர்க்கரை, ஆஸ்துமா, வலிப்பு ஆணைகளைப் பள்ளி திறக்கும் முன்பே அனுப்பினோம். வசந்தகாலத்தில் நடந்த பள்ளி வாரியக் கூட்டத்தில் அவர் ஒரு ஃபைலோடு போனார். எத்தனை வருகை, எத்தனை மணி நேரம், எத்தனை நிமிடம் பில்லுக்குத் தகுதி எல்லாம் அதில் இருந்தது.

இப்போது அவர் அந்தப் பள்ளியில் வாரத்துக்கு நான்கு நாள். ஐந்தாவது நாள் இன்னும் கிடைக்கவில்லை. திரும்பி வந்த பணம் மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், கூட்டத்தில் பெற்றோரும் பேசினார்கள். ஆனால் "நர்ஸ் அறையில் கூட்டமில்லை" என்று அன்றைக்கு யாராலும் வாய் திறக்க முடியவில்லை. பையனின் அம்மா நான்கு நாள் கிடங்கை விட்டு நகர வேண்டியதில்லை.

சரி, பெற்றோரின் பயங்களுக்கு வருவோம்.

"எங்களுக்கு பில் வருமா?" வராது. ஐ.ஈ.பி. சேவைகளுக்குப் பெற்றோர் ஒரு டாலர்கூடக் கட்ட வேண்டியதில்லை.

"குழந்தையோட மெடிக்கெய்ட் வரம்பு தீர்ந்துடுமா? வெளியில தெரபி போறோமே?" வாழ்நாள் வரம்பைக் குறைக்கும்படியோ, பிரீமியத்தை ஏற்றும்படியோ, வீட்டுச் சேவைக்கான சலுகையை இழக்கும்படியோ பள்ளி பில் போடக் கூடாது என்று ஐ.ஈ.பி. விதியிலேயே இருக்கிறது.

"கையெழுத்து போடலைன்னா நர்ஸ் பாக்க மாட்டாங்களா?" பார்த்தாக வேண்டும். சம்மதம் தருவதும் திரும்ப வாங்குவதும் உங்கள் உரிமை. அதற்காகச் சேவையை நிறுத்த முடியாது.

"நாங்க ஐ.டி.யில இருக்கோம், எங்களுக்கு ஏது மெடிக்கெய்ட்?" இங்கேதான் நம் மக்கள் நிறைய பேர் தவறவிடுகிறார்கள். 1981இல் அயோவாவைச் சேர்ந்த கேட்டி பெக்கெட் என்ற மூன்று வயதுச் சிறுமி, வீட்டுக்குப் போனால் மெடிக்கெய்ட் போய்விடும் என்பதால் ஆஸ்பத்திரியிலேயே வளர வேண்டிய நிலை. அவளால் விதி மாறியது. கடுமையான ஊனமுள்ள குழந்தைக்குப் பெற்றோரின் வருமானம் பார்க்காமல் மெடிக்கெய்ட் தரும் வழி பல மாநிலங்களில் உண்டு. ஜார்ஜியாவில் அவள் பெயரிலேயே திட்டம் இருக்கிறது. பென்சில்வேனியாவிலும் வழி உண்டு. ஆட்டிசம் உள்ள குழந்தையின் பெற்றோர் கட்டாயம் விசாரியுங்கள். விசா, கிரீன் கார்டு சம்பந்தமான சந்தேகத்தை இமிக்ரேஷன் வக்கீலிடம் கேளுங்கள். அது என் துறை இல்லை.

இனி யார் என்ன செய்யலாம் என்று தொகுத்துவிடுகிறேன்.

பெற்றோர்: ஃபார்மைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். மெடிக்கெய்ட் புதுப்பிப்புக் கடிதம் வந்தால் அன்றே கவனியுங்கள். காப்பீடு ஒரு மாதம் அறுந்தால் பள்ளிக்கும் ஒரு மாதப் பணம் போகும்.

நர்ஸ் சகோதரிகள்: ஆரம்ப நேரம், முடிந்த நேரம். வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். உங்கள் மாவட்டத்தில் மெடிக்கெய்ட் பில்லிங் பார்ப்பவர் யார் என்று கேட்டு ஒருமுறை நேரில் போய்ப் பேசுங்கள். வரும் பணம் எங்கே போகிறது என்றும் கேளுங்கள். பல இடங்களில் அது பொது நிதியில் கரைந்துவிடுகிறது. மாணவர் நலத்துக்கே செலவாக வேண்டும் என்று வாரியத்திடம் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

மருத்துவ நண்பர்கள்: ஆணை எழுதும் நீங்களும் மெடிக்கெய்டில் பதிவு செய்திருக்க வேண்டும். தேதி, அளவு, என்.பி.ஐ. எண், கையெழுத்து ஒன்று விட்டாலும் அந்த வருடம் முழுக்க நர்ஸ் செய்த வேலை பில்லுக்கு ஆகாமல் போகலாம். ஆணையை ஒவ்வொரு பள்ளி ஆண்டும் புதுப்பியுங்கள்.

ஒவ்வொரு பள்ளியிலும் குறைந்தது ஒரு முழு நேர நர்ஸ் வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தைகள் நல மருத்துவர் அகாடமி 2016இல் பரிந்துரைத்தது. இன்னும் எத்தனையோ பள்ளிகளில் அது நடக்கவில்லை. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம் மெடிக்கெய்டுக்கான ஃபெடரல் செலவைக் குறைக்கப் போகிறது. மாநிலங்கள் எதை வெட்டலாம் என்று தேடும் காலம் இது. எழுத்தில் இல்லாத வேலையை வெட்டுவதுதான் அவர்களுக்கு ரொம்பச் சுலபம்.

உங்களுக்குத் தெரிந்த ஸ்கூல் நர்ஸ் யாராவது இருந்தால் இந்த இழையை அனுப்பி வையுங்கள். உங்கள் மாநில விதி பற்றித் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள், மற்றவர்களுக்குப் பயன்படும்.